சோதனைக் குழாயில் வைரஸ் வளர்த்த கதை

'டிஷ்யூ கல்ச்சர் வாழை' என்றாலே நோயில்லாத வாழை என்றுதான் நம்மில் பலர் நினைத்துக் கொண்டிருக்கிறோம். ஊரில் தோட்டம் வைத்திருக்கும் சித்தப்பாவும் அப்படித்தான் சொல்வார். பயிர்க்கடன் மனுவோடு கன்றுக்கான கொட்டேஷனை நீட்டும் விவசாயியும் அப்படித்தான் சொல்வார். பாதி உண்மை. பயிர் வைரஸ் விஷயத்தில் திசு வளர்ப்பு முதலில் பயன்பட்டது வைரஸை விரட்ட அல்ல, வளர்க்க!

1934ஆம் வருடம். அமெரிக்காவின் பிரின்ஸ்டனில், ராக்ஃபெல்லர் ஆய்வு நிறுவனத்தில் பிலிப் ஒயிட் என்பவர் தக்காளி வேரின் நுனியை வெட்டி, உப்புகள், சர்க்கரை, கொஞ்சம் ஈஸ்ட் சாறு கலந்த திரவத்தில் போட்டார். தண்டு கிடையாது, இலை கிடையாது, வேர் மட்டும் வளர்ந்துகொண்டே போனது. நுனியை வெட்டிப் புதுக் குடுவையில் போட்டால் மறுபடியும் வளரும்.

இது ஏன் பெரிய விஷயம்? பாக்டீரியாவை வளர்க்க ஒரு சத்தான சாறு போதும். வைரஸுக்கு உயிருள்ள செல் வேண்டும். அது பெருகுவதைப் பார்க்க முழுச் செடியை வளர்த்தாக வேண்டும். கூடவே மண், பூச்சி, மற்ற கிருமிகள் எல்லாம் வந்து சேரும். ஒயிட், புகையிலைத் தேமல் நோய் வைரஸ் தொற்றிய வேரைக் குடுவையில் வளர்த்தார். வேர் வளர வளர வைரஸும் பெருகியது. அன்றைக்கு வைரஸைக் கண்ணால் பார்த்தவர் யாருமில்லை (எலக்ட்ரான் நுண்ணோக்கியில் அது தெரிந்தது 1939ல்தான்). வேரைக் கசக்கி, சாற்றை நல்ல இலையில் தேய்த்து, புள்ளி விழுகிறதா என்று பார்க்க வேண்டும். போலியோ வைரஸை எண்டர்ஸ் குழுவினர் திசுவில் வளர்த்து நோபல் பரிசுக்கு வழி தேடிக்கொண்டது 1949ல். ஒயிட் அதற்குப் பதினைந்து வருடம் முந்தியவர். அவருக்கு நோபல் கிடைக்கவில்லை.

வேரைத் துண்டு துண்டாகச் சோதித்தபோது ஒயிட் இன்னொன்றையும் கவனித்தார். வைரஸ் எல்லா இடத்திலும் ஒரே அளவில் இல்லை. வளரும் நுனியில் பெரும்பாலும் இல்லவே இல்லை. 1949ல் பிரான்சில் லிமாசே, கொர்னுவே இருவரும் புகையிலையின் தண்டிலும் குருத்தை நெருங்க நெருங்க வைரஸ் குறைவதைக் கண்டார்கள். 1952ல் அதே நாட்டின் ழார்ழ் மொரெலும் க்ளோத் மார்த்தேனும், நோயுற்ற டேலியாச் செடியிலிருந்து கடுகை விடச் சிறிய குருத்து நுனியை எடுத்து வளர்த்து, வைரஸ் இல்லாத செடியை உண்டாக்கினார்கள். அடுத்து 1955ல் உருளைக்கிழங்கு. இன்றைய 'நோயற்ற நாற்று' தொழிலுக்கு அடித்தளம் இதுதான்.

ஆனால் குழாய்க்குப் பாரபட்சம் கிடையாது. வாழையின் முடிக்கொத்து நோயை எடுத்துக் கொள்ளுங்கள். இந்த வைரஸ், சாற்றை இலையில் தேய்த்தால் பரவாது. அசுவினிப் பூச்சி வேண்டும், இல்லாவிட்டால் நோயுள்ள கன்றையே நட வேண்டும். ஆகவே ஆய்வுக்கு வைரஸ் வேண்டுமென்றால், அது தொற்றிய வாழையை உயிரோடு வைத்திருக்க வேண்டும். அதையே கண்ணாடிக் குழாயில் வைத்தால் அசுவினி உள்ளே போகாது, வைரஸும் வெளியே வராது. ஆய்வகத்துக்கு இது வசதி. நாற்றுத் தயாரிப்பவருக்கோ ஆபத்து: தாய்க் கிழங்கைச் சோதிக்காமல் பெருக்கினால் ஆயிரக்கணக்கில் நோய்க் கன்றுகள் உற்பத்தியாகும். பி.காம். படித்த எனக்குத் தெரிந்த பாஷையில் சொன்னால், கூட்டு வட்டி.

இதைவிட விசித்திரமானது வாழையின் கீற்று வைரஸ் கதை. நோயே இல்லாத தாய் தந்தையரிடமிருந்து வந்த ஒட்டு ரகங்கள், திசு வளர்ப்புக்குப் பின் நோயைக் காட்டின. வெளியிலிருந்து எதுவும் வரவில்லை. காட்டு வாழையான பல்பிசியானாவின் மரபணுத் தொகுதியிலேயே வைரஸின் மரபணு ஒட்டிக் கிடக்கிறது, திசு வளர்ப்பு போன்ற நெருக்கடியில் அது விழித்துக்கொள்ளும் என்று 1999 வாக்கில் தெரிய வந்தது. பேரேட்டில் ஏறாத பழைய கடன் மாதிரி! நம்ம ஊர்ப் பூவன் வாழையை வாட்டுவதும் இந்தக் கீற்று வைரஸ் இனத்தில் ஒன்றுதான். 2019ல் நைரோபி ஆய்வாளர்கள், 'கோன்ஜா மன்ஜாயா' என்ற ரகத்தில் ஒளிந்திருந்த வைரஸ் மரபணுவை கிரிஸ்பர் முறையால் முடக்கியதாக வெளியிட்டார்கள். அந்த வேலையும் நடந்தது திசு வளர்ப்பில்தான்.

நம் நாட்டில் 2006ல் மத்திய உயிரித் தொழில்நுட்பத் துறை, திசு வளர்ப்புக் கன்றுகளுக்குத் தேசியச் சான்றளிப்பு முறையைக் கொண்டு வந்தது. வாழை என்றால் முடிக்கொத்து, கீற்று, வெள்ளரித் தேமல், மடல் தேமல் ஆகிய நான்கு வைரஸ்களுக்கும் சோதனை உண்டு. ஊரில் யாராவது கன்று வாங்கப் போகிறார்கள் என்றால், போனில் பேசும்போது அந்தச் சான்றைக் கேட்டு வாங்கச் சொல்லுங்கள். 'டிஷ்யூ கல்ச்சர்' என்று பில்லில் எழுதியிருந்தால் மட்டும் போதாது.