ஹாசனிலிருந்து சாமுண்டி மலைக்கு

'எதெய ஹணதெ' என்ற கன்னடச் சிறுகதை பானு முஷ்தாக் எழுதியது. ஹாசன்காரரான அவர் காதலித்து மணந்தவர். ஆனாலும் எழுத நினைத்த கைக்கு அடுப்படி வேலையும், உடம்புக்கு புர்காவும்தான் வந்து சேர்ந்தன. 29 வயதில், பிள்ளை பெற்ற பின் வந்த மனச்சோர்வில் தன்னையே எரித்துக்கொள்ளத் துணிந்தார். கணவர் தீப்பெட்டியைப் பிடுங்கினார். கைக்குழந்தையை மனைவியின் காலடியில் கிடத்தி, எங்களை விட்டுப் போகாதே என்று கெஞ்சினார்.

கதையில் வரும் மெஹருனுக்கு அப்படியொரு கணவன் வாய்க்கவில்லை. அவன் வேறொருத்தியோடு போய்விட்டான். தாய்வீட்டுக்கு ஓடிவந்தவளைக் குடும்ப மானத்தைச் சொல்லி உடன்பிறந்தவர்களே திரும்பக் கொண்டுபோய் விடுகிறார்கள். இரவில் தன்னை எரித்துக்கொள்ளத் துணிந்த அவளைத் தடுத்து நிறுத்துவது மூத்த மகள். கதையின் உயிர் இங்கேதான் இருக்கிறது என்பேன். காப்பாற்ற வருவது அண்ணன்மாரும் இல்லை, ஜமாஅத்தும் இல்லை; நாளை அதே வீட்டுக்குள் அடைபடப்போகும் ஒரு சிறுமி. துவரங்குறிச்சி எழுத்தாளர் சல்மாவைப் படித்தவர்களுக்கு இந்த வீடு புதிதல்ல.

பள்ளிவாசலுக்குள் போகப் பெண்களுக்கும் உரிமை உண்டு என்று பானு பேசியபோது, 2000ஆம் ஆண்டில், அவர் குடும்பத்தையே 3 மாதம் ஒதுக்கிவைத்தார்கள். கத்தியோடு ஒருவன் வந்தான். அவனையும் கணவர்தான் தடுத்தார்.

மடிக்கேரியைச் சேர்ந்த தீபா பஸ்தி இந்தக் கதையோடு மேலும் 11 கதைகளைத் தேர்ந்து ஆங்கிலத்துக்குக் கொண்டுபோனார். உருது, அரபு, கன்னடச் சொற்களை அப்படியே விட்டார், அடிக்குறிப்பு கிடையாது. மெஹருன் கதையின் பெயரையே தாங்கிய 'ஹார்ட் லேம்ப்' 2025 மே 20 அன்று லண்டனில் சர்வதேச புக்கர் பரிசு பெற்றது. சிறுகதைத் தொகுப்பு ஒன்று அந்தப் பரிசை வென்றது அதுவே முதல்முறை.

அதே ஆண்டு மைசூரு தசராவைத் தொடங்கிவைக்க கர்நாடக அரசு பானுவை அழைத்தது. உடனே, இந்து அல்லாத ஒருவர் சாமுண்டீஸ்வரி அம்மன் முன் எப்படி விளக்கேற்றலாம் என்று வழக்கு. இத்தனைக்கும் 2017இல் இதே விழாவைத் தொடங்கிவைத்தவர் கவிஞர் நிசார் அகமது. பள்ளிவாசல் படியில் ஒரு கூட்டம், கோயில் படியில் இன்னொரு கூட்டம். 25 ஆண்டு இடைவெளியில் இரு கூட்டமும் அவரைக் கேட்டது ஒன்றுதான்: உள்ளே வர நீ யார்? இந்த இரு கூட்டத்தையும் எதிரெதிர் அணிகள் என்று எண்ண எனக்கு மனம் வரவில்லை.

செப்டம்பர் 15 அன்று உயர்நீதிமன்றமும் 19 அன்று உச்ச நீதிமன்றமும் எதிர்ப்பு மனுக்களைத் தள்ளுபடி செய்தன. 22 அன்று சாமுண்டி மலையில், முதல்வர் சித்தராமையா உடனிருக்க, சாமுண்டீஸ்வரிக்கு மலர் தூவி பானு முஷ்தாக் தசராவைத் தொடங்கிவைத்தார்.