படத்தின் பின்புறம்

சிங்கப்பூர் ஹில் தெருவில் இயங்கிய லீ பிரதர்ஸ் நிழற்படக்கூடத்தின் கண்ணாடித் தகடுகளில் 2,000க்கும் மேற்பட்டவை இன்று தேசிய ஆவணக் காப்பகத்தில் உள்ளன. 1910க்கும் 1925க்கும் இடைப்பட்ட அப்படங்களில் பல இனத்தவரும் தோன்றுகின்றனர். தீட்டிய திரைச்சீலை, வேலைப்பாடுடைய நாற்காலி, கைக்கொரு புத்தகம் எனப் படக்கூடம் எல்லாவற்றையும் கொடுத்தது. வந்தவர்கள், பிறர் தம்மை எவ்வாறு காண வேண்டுமென விரும்பினரோ அவ்வாறே அமர்ந்தனர். இதனைப் பொய்யென்று தள்ள யாம் உடன்படோம். விருப்பமும் வரலாற்றுச் சான்றே. ஆனால் அவர்களுள் பலர் யாவர் என்பது இன்று தெரியவில்லை.

எம் இல்லத்திலும் அத்தகைய படம் ஒன்றுண்டு. தோட்டத்தில் பால்மரம் சீவிய தாத்தா அதில் கோட்டு அணிந்து அமர்ந்திருக்கிறார். கைக்கடிகாரம் அவருடையதன்று என்று அத்தை சொல்லிச் சிரிப்பார். பின்புறத்தில், 'அண்ணனும் நானும் இவளும்' என்று தாத்தாவின் தம்பி எழுதியிருக்கிறார். 'நான்', 'இவள்' போன்ற சொற்கள் சொல்பவரைச் சார்ந்தே பொருள் தருவன. அவர் மறைந்தால் சுட்டும் மறைந்துவிடும். ஓரத்தில் நிற்கும் இவள் அவருடைய மனைவியா, தங்கையா? அத்தைக்குத் தெரிந்திருக்கும். முப்பது ஆண்டுகள் சுட்டுப்பெயர்களைப் பற்றி வகுப்பெடுத்த யாம், அவர் இருந்தவரை அதனைக் கேட்கவேயில்லை.