வளைந்த குழலும் காகிதத் திரைகளும்

துப்பாக்கிக் குண்டு நேர்கோட்டில் செல்வது என்றே நம்மில் பலரும் கருதுகிறோம். பதினெட்டாம் நூற்றாண்டுப் போர்வீரன் அவ்வாறு நம்பவில்லை. குழலை அசையாது பொருத்தி, மருந்தின் அளவும் மாறாமல் சுட்டாலும், உருண்டைக் குண்டுகளில் ஒன்று இடப்புறமும் மற்றொன்று வலப்புறமும் விலகிச் சென்றன. ஏன்?

இவ்வினாவை ஆராய முற்பட்டவர், 1707-இல் இங்கிலாந்தின் பாத் நகரில் பிறந்த பெஞ்சமின் ராபின்ஸ். கனத்த ஊசலொன்றில் குண்டைப் பாய்ச்சி, அது அசைந்த அளவிலிருந்தே குண்டின் வேகத்தைக் கணக்கிட்டவர் அவர். மஸ்கட் குண்டு வினாடிக்கு ஏறத்தாழ 1,700 அடி செல்வதாகக் கண்டார். 1742-இல் அவர் வெளியிட்ட நூலை, மூன்றே ஆண்டுகளில் மாமேதை ஆய்லர் ஜெர்மனில் பெயர்த்தார்.

குண்டு சுழல்வதாலேயே விலகுகிறது என்றார் ராபின்ஸ். பறக்கும் குண்டின் சுழற்சியைக் கண்ணால் காண்பது எங்ஙனம்? அவர் செய்த சோதனை மிக எளியது. துப்பாக்கிக் குழலின் நுனியைச் சற்றே இடப்புறம் வளைத்தார். எதிரே மெல்லிய காகிதத் திரைகளை ஒன்றன்பின் ஒன்றாக நிறுத்திச் சுட்டார். அண்மைத் திரைகளில் துளை இடப்புறமே விழுந்தது. குழல் இடப்புறம் நோக்குகையில் வேறெங்கே விழும்? அத்துடன் நிறுத்தியிருந்தால் புதுமை ஒன்றுமில்லை. ஆனால் தொலைவில் அதே குண்டு வளைந்து திரும்பி, வலப்புறம் சென்று பதிந்திருந்தது! வளைந்த குழலின் வலச்சுவரில் உராய்ந்த குண்டு சுழற்சி பெற்றது. அச்சுழற்சியால் காற்று அதனை வலப்புறம் தள்ளிற்று. எதிர்ப்பட்ட துளைகளே சாட்சி.

ஆய்லரோ இதனை ஒப்பவில்லை. குண்டின் உருவக் கோணலே காரணம் என்றார். ராபின்ஸ் தளரவில்லை. குழலினுள் திருகுபுரி வெட்டி, குண்டைத் தன் பாதையையே அச்சாகக் கொண்டு சுழலச் செய்தால் குறி தப்பாது என்றும், அத்தகைய ரைபிளை முதலில் கையாளும் நாடு போரில் மேம்படும் என்றும் 1747-இலேயே எழுதினார்.

கடலூர்ப் பக்கத்து நேயர்களுக்கு இனி வரும் செய்தி வியப்பளிக்கலாம். கிழக்கிந்தியக் கம்பெனியின் தலைமைப் பொறியாளராகக் கோட்டைகளைச் செப்பனிட வந்த ராபின்ஸ், தேவனாம்பட்டினத்துச் செயின்ட் டேவிட் கோட்டையில், காய்ச்சலுற்று 1751 ஜூலை 29 அன்று காலமானார். அக்கோட்டையையும் 1758-இல் பிரெஞ்சுக்காரர் தகர்த்துவிட்டனர்.

1852-இல் ஜெர்மானியரான மாக்னஸ் இதே விளைவை ஆய்வுக்கூடத்தில் நிறுவினார். பந்து சுழன்று வளைவதை விளக்கும் பாடநூல்கள் இன்று அதனை 'மாக்னஸ் விளைவு' என்றே வழங்குகின்றன.