தூத்துக்குடிச் சந்தைகளும் இரைச்சல் மாசும்

இரைச்சல் மாசு என்பது செவிக்கும் உடல்நலத்திற்கும் கேடு விளைவிக்கும் அளவுக்கு ஒலி மிகுவதைக் குறிக்கும். முத்துக்குளித்துறை எனப் பெயர்பெற்ற தூத்துக்குடிக் கரையில், சந்தை ஒலி காலப்போக்கில் மனிதக் குரலிலிருந்து இயந்திர ஒலியாக மாறியது. அதை நாள் முழுவதும் கேட்பவர்கள் வணிகர்கள். ஆயினும் தொழிலாளரின் செவியைக் காக்க எழுந்த சட்டம் அவர்களை எட்டவில்லை.

குரலால் நடந்த சந்தை

மதுரைக்காஞ்சி, மதுரையின் அல்லங்காடியில் எழுந்த ஆரவாரத்தைப் பறவைகளின் ஒலிக்கு ஒப்பிடுகிறது. பிற்கால முத்துக்குளிப்பு முகாம்களிலும் சந்தை குரலாலேயே நடந்தது. அரசின் பங்காகச் சேர்ந்த சிப்பிகள் ஆயிரம் ஆயிரமாக ஏலம் விடப்பட்டன. சில வாரங்களில் முகாம் கலையும், ஏலக்குரலும் ஓயும். தூத்துக்குடியில் 1955 முதல் 1961 வரை நடந்த முத்துக்குளிப்புகளுக்குப் பின் அச்சந்தை மீண்டும் கூடவில்லை.

இயந்திர ஒலி

1876-இல் தொடர்வண்டி வந்தது. 1888-இல் கோரல் நூற்பாலை தோன்றியது. 1974-இல் தூத்துக்குடி பெருந்துறைமுகமாக அறிவிக்கப்பட்டது. சரக்குப் போக்குவரத்து பெருகியது. மீன் ஏலம் இன்றும் வாய்மொழியாகவே நடக்கிறது. ஆனால் அக்குரல் லாரி, ஹாரன், ஜெனரேட்டர், ஒலிபெருக்கி ஆகியவற்றோடு போட்டியிட வேண்டியுள்ளது. முத்துச் சந்தையின் இரைச்சலைப் போல இது பருவத்தோடு முடிவதில்லை.

உடல்நல விளைவுகள்

85 டெசிபல் ஒலியை நாளொன்றுக்கு 8 மணி நேரத்திற்கு மேல் கேட்பது செவிக்கு ஆபத்து எனக் கொள்ளப்படுகிறது. ஒலி 3 டெசிபல் கூடும்போதெல்லாம் பாதுகாப்பான நேரம் பாதியாகக் குறையும். 88 டெசிபலுக்கு 4 மணி நேரமே. உட்செவியின் மயிர்ச்செல்கள் அழிந்தால் மீண்டும் வளர்வதில்லை. முதலில் உயர் அதிர்வெண் ஒலிகள் கேட்காமல் போவதால், இழப்பு தொடக்கத்தில் தெரிவதில்லை. காதிரைச்சல், தூக்கக் குறைவு, உயர் இரத்த அழுத்தம் ஆகியவையும் நீடித்த இரைச்சலோடு தொடர்புடையவை. இரைச்சலில் பேசுபவர் தம்மையறியாமல் குரலை உயர்த்துவார். இது லொம்பார்டு விளைவு எனப்படும். விலை கூவி விற்பவருக்குத் தொண்டையும் பாதிக்கப்படுவது இதனால்தான்.

சட்டமும் வணிகரும்

1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம், இரைச்சலால் ஏற்படும் செவித்திறன் இழப்பை அறிவிக்கப்பட வேண்டிய தொழில்நோய்களில் சேர்த்தது. நூற்பாலைத் தொழிலாளிக்கு இது பொருந்தியது. சந்தைக் கடை தொழிற்சாலை அன்று. சொந்தமாகக் கடை நடத்துபவருக்கு முதலாளியும் இல்லை. எனவே அதே ஊரில் செவித்திறன் இழந்த வணிகருக்கு அச்சட்டத்தில் இடமிருக்கவில்லை.

அவருக்குப் பொருந்துவது 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள். வணிகப் பகுதிகளில் காலை 6 முதல் இரவு 10 வரை 65 டெசிபலும், இரவில் 55 டெசிபலும் வரம்பு. வரம்பை 10 டெசிபல் அல்லது அதற்கு மேல் மீறும் ஒலி குறித்து எவரும் உரிய அதிகாரியிடம் புகார் அளிக்கலாம். ஆனால் இவ்விதிகள் இடத்தின் ஒலியை அளப்பவை. அங்கு ஆண்டுக்கணக்கில் அமர்ந்திருப்பவரின் செவியைச் சோதிக்கும் கடமையை அவை எவருக்கும் விதிக்கவில்லை.