பரங்கி வாளும் பழைய வண்ணாரப்பேட்டை மூங்கிலும்

தஞ்சாவூர்க் கட்டாரிகளில் ஒரு வகையை உற்றுப் பார்த்தால், பிடியும் அலகும் வேறு வேறு ஊர்ச் சரக்கு என்பது தெரிந்துவிடும். புறங்கையை மறைக்கும் எஃகுத் தகடும் அதன் மேலிருக்கும் யாளி முகமும் உள்ளூர்க் கொல்லர் வேலை. அதிலிருந்து நீளும் அலகோ ஐரோப்பிய வாளுடையது. நடுவில் பள்ளம் ஓடிய அந்த வாளை வெட்டிக் குறுக்கி, பிடியோடு சேர்த்து ஆணி அறைந்திருக்கிறார்கள். 1855-இல் தஞ்சை அரசர் சிவாஜி வாரிசின்றி இறந்தபின் அரண்மனை ஆயுதசாலை கலைக்கப்பட்டது. பெரும்பகுதி பழைய இரும்பாகப் போக, தப்பித்த கொஞ்சம் எழும்பூர் அருங்காட்சியகத்துக்கு வந்து சேர்ந்தது.

17-ஆம் நூற்றாண்டில் இங்கே ஐரோப்பிய அலகுக்கு நல்ல கிராக்கி. அதே காலத்தில் இத்தாலியிலும் ஸ்பெயினிலும் ரேப்பியர் என்ற நீண்ட மெல்லிய வாளுக்குப் பள்ளிகள் நடந்தன. முன்காலை எட்டி வைத்து முனையால் குத்துவது இத்தாலியப் பள்ளியின் பாடம். தஞ்சைக் கொல்லர் அலகை வாங்கிக்கொண்டார், பாடத்தை வாங்கவில்லை. கைமுட்டியின் நீட்சியாகக் குத்தும் கட்டாரி வித்தை அவரிடம் ஏற்கெனவே இருந்தது. வாளுக்குத் தமிழ்நாட்டில் இருந்த சந்தை, வாள்முறைக்கு இல்லை. இந்த நிலை ஏறக்குறைய மூன்று நூற்றாண்டு நீடித்தது.

இதற்குச் சுவையான சாட்சி லூயி நோலன். மதராஸ் ஆளுநர் ஹென்றி பாட்டிங்கரிடம் மெய்க்காப்புத் துணை அதிகாரியாக இருந்த குதிரைப்படைக்காரர் இவர். நிஜாமின் குதிரைவீரர்கள் ஒரே வீச்சில் கை, கால், தலையைத் துண்டித்ததைக் கேள்விப்பட்டு, அந்த அதிசய வாளைத் தேடிப் போனார். கிடைத்தது ஆங்கிலேயப் படையே வேண்டாமென்று கழித்த பழைய வாள். வீரர்கள் அதைக் கூராகத் தீட்டி, மரத்தாலான உறையில் வைத்திருந்தார்கள். ஆங்கிலேயரின் இரும்பு உறையிலோ ஒவ்வொரு முறை உருவும்போதும் கூர் மழுங்கியது. எப்படி வெட்டக் கற்றுத் தருகிறீர்கள் என்று நோலன் துருவித் துருவிக் கேட்டார். கற்றுத்தர என்ன இருக்கிறது, கூரான வாள் யார் கையிலும் வெட்டும் என்ற பொருளில் ஒரு கிழட்டுச் சிப்பாய் பதில் சொல்லிவிட்டார். 1853-இல் வந்த தன் புத்தகத்தில் நோலன் இதை எழுதினார். மறு ஆண்டே கிரீமியாவில், பாலக்லாவா போர்க்களத்தில் செத்தும் போனார்.

சிப்பாய் சொன்னது அடக்கமா, கிண்டலா என்று எனக்குச் சந்தேகம் உண்டு. தல்வார் என்ற இந்திய வளைவாளின் பிடியைப் பார்த்தால் அதற்குள் ஒரு முறை ஒளிந்திருப்பது புரியும். பிடியின் அடியில் தட்டையான வட்டத் தகடு. அது மணிக்கட்டைச் சுழலவிடாமல் பிடித்து நிறுத்தும். ஆகவே வீச்சு தோளிலிருந்து புறப்பட்டு, பட்ட இடத்தில் இழுத்து அறுக்கும். எதிரியின் அடியைத் தாங்குவது வாள் அல்ல, இடக்கைக் கேடயம். ஆங்கிலேய அதிகாரியிடம் கேடயம் கிடையாது. அதே வாளால்தான் தடுக்கவும் வேண்டும், திருப்பி அடிக்கவும் வேண்டும். அதனால் அவருடைய பாடத்தில் பாதி தடுப்பு.

ஐரோப்பாவும் ஒரு காலத்தில் கேடயத்தோடுதான் ஆடியது. லீட்ஸ் நகர ராயல் ஆர்மரீஸில் இருக்கும் ஐ.33 என்ற சுவடி சுமார் 1300-ஐச் சேர்ந்தது; நமக்குக் கிடைத்துள்ள ஐரோப்பிய வாள்நூல்களில் அதுவே பழையது. அதில் ஒரு பாதிரியார் வாளும் சிறு கைக்கேடயமும் சொல்லித் தருகிறார். கடைசிப் பக்கங்களில் பயில வருபவர் வால்புர்கிஸ் என்ற பெண்.

இப்படி மறந்துபோன சுவடிகளைத் திறந்து வைத்துக்கொண்டு பழைய வாள்முறையை மீட்கும் முயற்சி இன்று பல நாடுகளில் நடக்கிறது. அதன் முன்னோடிகளில் ஒருவரான ஆல்ஃபிரட் ஹட்டன் தன் முதல் வாள்வீச்சுச் சங்கத்தைத் தொடங்கியது இந்தியாவில். கேமரன் ஹைலேண்டர்ஸ் படைப்பிரிவில் இருந்தபோது சக அதிகாரிகளைச் சேர்த்து நடத்திய அந்தச் சங்கத்துக்காக 1862-இல் ஒரு சின்னக் கையேடு எழுதினார். 1889-இல் வந்த அவருடைய ‘கோல்ட் ஸ்டீல்’ நூலில் சேபர் என்ற வெட்டுவாளோடு, இரு கையாலும் பிடித்துச் சுழற்றும் நீளக் கம்புக்கும் இடம் உண்டு. சிலம்பக்காரர் யாரும் அந்தப் படங்களைப் பார்த்துத் திகைக்க மாட்டார். ஆனால் சங்கம் அதிகாரிகளுக்கானது. நாட்டு வாத்தியாரும் ஹட்டனும் ஒரே களத்தில் நிற்க வழியில்லை.

இதற்கிடையே சேபரும் இளைத்துக்கொண்டே வந்தது. 1796-இல் லெ மார்ச்சண்ட் வடிவமைத்த ஆங்கிலேயக் குதிரைப்படை சேபர் ஒரு கிலோவை ஒட்டிய எடை. மிலான் நகரில் ராடெல்லி என்ற ஆசான், முழங்கையை அச்சாக்கிச் சுழற்றும் லேசான வாளுக்குப் பாடம் வகுத்தார். 1896-இல் இத்தாலிய ஆசான் சாண்டெல்லி புடாபெஸ்டில் குடியேறி ஹங்கேரியரைத் தயார்செய்தார். 1908 முதல் 1964 வரை, 1920 நீங்கலாக, ஒலிம்பிக் தனிநபர் சேபர் தங்கம் ஹங்கேரியை விட்டுப் போகவில்லை. இன்றைய விளையாட்டுச் சேபர் 500 கிராமுக்கு மேல் இருக்கக்கூடாது.

பெண்களுக்கு ஒலிம்பிக்கில் சேபர் வந்தது 2004, ஏதென்ஸில். அதே ஆண்டு, ராயபுரம் கல்மண்டபத்துக்குப் பக்கத்திலிருக்கும் பழைய வண்ணாரப்பேட்டையில், முருக தனுஷ்கோடி பெண்கள் பள்ளியில் ஃபென்சிங்குக்கு ஆள் எடுத்தார்கள். மற்ற விளையாட்டுகளில் இடம் நிரம்பிவிட்டதால் இதில் சேர்ந்த மாணவி சி.ஏ. பவானி தேவி. அப்பா கோயில் அர்ச்சகர். வாள் விலை கட்டுப்படியாகாது, ஒடிந்தால் வேறு வாங்க வழியில்லை. அதனால் பயிற்சிக்கு மூங்கில் குச்சி, போட்டிக்கு மட்டும் மின்வாள். கஷ்டகாலக் கதையாகத்தான் இதைப் பத்திரிகைகள் எழுதின. வரலாற்றில் வைத்துப் பார்த்தால் இது வழக்கத்துக்கு மாறானதல்ல. ஆங்கிலேயப் படையும் சேபரை மரக்குச்சியில்தான் பழகியது. 1904 ஒலிம்பிக்கில் அந்தக் குச்சிச் சண்டைக்கே தனிப் பதக்கம் இருந்தது. ஜப்பானின் கெண்டோவுக்கு இன்றும் மூங்கில்தான். சிலம்பத்தைச் சொல்லவே வேண்டாம். தஞ்சைக் கொல்லருக்கு அலகு வந்து முறை வராமல் போனது. வண்ணாரப்பேட்டைக்கு முறை முதலில் வந்தது, அலகு பின்னால் வந்தது.

வந்த முறை எது என்பதில்தான் வேறுபாடு தெரிகிறது. சிலம்பத்தில் கம்பு நுனியில் சாயப்பொடி தடவி, உடம்பில் விழுந்த தடத்தை எண்ணும் வழக்கம் உண்டு. சேபரில் 1980-களின் இறுதிவரை பக்க நடுவர்கள் கண்ணால் பார்த்துச் சொன்னார்கள்; பிறகு உலோகச் சட்டையும் மின்விளக்கும் வந்தன. அலகு எந்தப் பக்கமாக உரசினாலும் விளக்கு எரியும். வெட்டுவாய் வாகாக விழுந்ததா என்ற கேள்வியே எழாது. இடுப்புக்குக் கீழே பட்டால் கணக்கில்லை. பழைய ஆங்கிலேயக் கையேடுகளில் காலுக்கு வீச்சும் உண்டு, அதற்கு மாற்றும் உண்டு: முன்காலைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டு எதிரியின் தலையில் போடுவது. விளையாட்டுச் சேபரில் அந்த அழகு போயிற்று.

இருவரும் ஒரே நேரத்தில் அடித்தால், தாக்குதலை முதலில் தொடங்கியவருக்கே புள்ளி. பழமை மீட்பாளர்கள் இதில்தான் முகம் சுளிக்கிறார்கள். அவர்களுடைய பல போட்டிகளில், அடித்த கையோடு அடி வாங்கினால் புள்ளி குறையும், அல்லது போய்விடும். கூரான வாளாக இருந்தால் இருவருக்குமே பாடைதானே என்பது அவர்கள் வாதம். நியாயமான வாதம். ஆனால் தாக்கப்படுபவர் முதலில் தடுத்துவிட்டுத்தான் அடிக்க வேண்டும் என்ற பழைய பாடத்திலிருந்துதான் இந்த முன்னுரிமை விதியும் கிளைத்தது என்பதை அவர்கள் லேசில் ஒப்புக்கொள்வதில்லை.

பவானி தேவி தலசேரியில் சாகர் லாகுவிடமும், பின்பு இத்தாலியின் லிவோர்னோவில் நிக்கோலா சனோட்டியிடமும் பயின்றார். 2021 ஜூலை 26 அன்று டோக்கியோவில், ஒலிம்பிக் வாள்வீச்சில் இறங்கிய முதல் இந்தியராக, துனிசியாவின் நாதியா பென் அசிசியை 15-3 என்று வென்றார். அடுத்த ஆட்டத்தில் பிரான்சின் மனோன் ப்ரூனேவிடம் 7-15. 2023 ஜூனில் சீனாவின் வூஷி நகரில் நடந்த ஆசியப் போட்டியில், நடப்பு உலகச் சாம்பியன் ஜப்பானின் மிசாகி எமுராவைக் காலிறுதியில் 15-10 என்று வீழ்த்தினார். அரையிறுதியில் உஸ்பெகிஸ்தான் வீராங்கனையிடம் 14-15 என ஒரே புள்ளியில் தோற்று, வெண்கலத்தோடு திரும்பினார்.