ட்விட்ச்கான்: திரையிலிருந்து அரங்கிற்கு

காணொளி விளையாட்டுகளை இணையத்தில் நேரலையாக ஒளிபரப்புவோரும் அவர்களுடைய ரசிகர்களும் நேரில் கூடும் மாநாடே ட்விட்ச்கான் ஆகும். அமெரிக்காவின் ட்விட்ச் நிறுவனம் இதனை நடத்தி வருகிறது.

பின்னணி

2007-இல் சான் பிரான்சிஸ்கோ நகரில் ஜஸ்டின் கான் என்னும் இளைஞர் தம் தொப்பியில் கேமராவைப் பொருத்தி, அன்றாட வாழ்க்கையை நாள் முழுவதும் ஒளிபரப்பினார். ஜஸ்டின்.டிவி என்ற அத்தளம் பின்னர் எல்லோருக்கும் திறந்துவிடப்பட்டது. அதில் விளையாட்டுப் பகுதி வேகமாக வளரவே, 2011 ஜூனில் அது ட்விட்ச் என்னும் தனித்தளமாயிற்று. 2014-இல் அமேசான் ஏறத்தாழ 97 கோடி டாலருக்கு அதனை வாங்கியது.

தோற்றமும் வளர்ச்சியும்

நாடக நடிகர் தம் ரசிகர்களை மேடையிலிருந்தே பார்க்கிறார். நேரலையாளரோ தனி அறையில் அமர்ந்து பேசுகிறார். ரசிகர்கள் அவருக்கு அரட்டைப் பகுதியில் ஓடும் பெயர்கள் மட்டுமே. இந்த இடைவெளியை நிரப்பவே மாநாடு பிறந்தது எனலாம். முதல் மாநாடு 2015 செப்டம்பர் 25, 26 நாள்களில் சான் பிரான்சிஸ்கோவின் மாஸ்கோனி மையத்தில் நடைபெற்றது. 20,000-க்கும் மேற்பட்டோர் கலந்துகொண்டனர். கலந்துரையாடல், போட்டி விளையாட்டு, மாறுவேடப் போட்டி, ஓவியர்களின் கடைகள், நேரலையாளர் சந்திப்பு ஆகியன இதன் முக்கிய அங்கங்கள்.

2019-இல் பெர்லினில் முதன்முறையாக அமெரிக்காவுக்கு வெளியே மாநாடு கூடியது. கொரோனா காரணமாக 2020-இல் மாநாடுகள் கைவிடப்பட்டு, கிளிட்ச்கான் என்ற இணையவழி நிகழ்ச்சி நடத்தப்பட்டது. 2022-இல் ஆம்ஸ்டர்டாமில் நேரடிக் கூடுகை மீண்டும் தொடங்கியது.

பாதுகாப்புச் சிக்கல்கள்

2022 அக்டோபரில் சான் டியேகோ மாநாட்டில், ஆழமில்லாத நுரைப்பஞ்சுக் குழியில் குதித்த நேரலையாளர் ஒருவரின் முதுகெலும்பு முறிந்தது. 2025-இல் அதே நகரில், ரசிகர் சந்திப்பின்போது ஒருவர் தடுப்பைக் கடந்து வந்து பெண் நேரலையாளர் ஒருவரைப் பிடித்து அத்துமீறினார். நிறுவனத் தலைவர் பின்னர் மன்னிப்புக் கேட்டார்.

முதலாவது, ஏற்பாட்டுக் குறை. இரண்டாவதில் ஏற்பாட்டுக் குறையுடன் வேறொன்றும் கலந்திருக்கிறது. திரையில் தோன்றுபவரை நெருங்கிய நண்பராகவே பார்ப்பவர் எண்ணிக்கொள்ளும் ஒருதலை உறவை, 1956-லேயே ஹார்ட்டன், வோல் என்னும் அறிஞர்கள் தொலைக்காட்சி, வானொலி குறித்து விளக்கியிருந்தனர். நேரலையில் ரசிகரின் பெயரைச் சொல்லி அவருக்கு உடனே பதிலும் வருவதால், அந்த நெருக்கம் இன்னும் உண்மைபோலத் தோன்றுகிறது. ஆயினும் ரசிகர் அறிந்தது நேரலையாளர் காட்டிய பக்கத்தை மட்டுமே. நேரலையாளருக்கு அவர் முன்பின் அறியாதவர். இவ்வேறுபாட்டை ரசிகர் உணர்வதும், அதற்கேற்ற காவலை நடத்துவோர் அமைப்பதும் இத்தகைய மாநாடுகள் நிலைக்க இன்றியமையாதவை.