தரவுத் திரட்டல், கட்டுப்பாட்டு மென்பொருள் கற்பித்தல்

வெப்பம், அழுத்தம், நீர்மட்டம் ஆகியவற்றை உணரிகள் வழியே கணினிக்குக் கொண்டுவந்து, அந்த அளவுக்கேற்ப வால்வையோ ஹீட்டரையோ இயக்கப் பழக்கும் பொறியியல் இளநிலைப் பாடம். தமிழ்நாட்டில் பெரும்பாலும் மின்னணு-கருவியியல் (ஈ.ஐ.இ.), கருவியியல்-கட்டுப்பாட்டுப் பொறியியல் (ஐ.சி.இ.) துறைகளில் நடத்தப்படுகிறது.

மாநிலத்தில் கருவியியல் கல்விக்கு மூத்த இடம், சி. ராஜம் 1949-இல் குரோம்பேட்டையில் தொடங்கிய மெட்ராஸ் இன்ஸ்டிடியூட் ஆஃப் டெக்னாலஜி (எம்.ஐ.டி.). விமானவியலோடும் மின்னணுவியலோடும் கருவித் தொழில்நுட்பமும் அங்கே தொடக்கத்திலிருந்தே பாடம். ராஜா சர் அண்ணாமலைச் செட்டியார் 1929-இல் சிதம்பரத்தில் நிறுவிய பல்கலைக்கழகத்திலும் இத்துறை உண்டு.

1986-இல் நேஷனல் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் வெளியிட்ட லேப்வியூ கற்பிக்கும் முறையையே மாற்றியது. நிரல் எழுதாமல், திரையில் பெட்டிகளைக் கம்பியால் இணைத்தாலே வரைபடம் ஓடத் தொடங்கும். மாணவருக்கு உற்சாகம்தான், ஆனால் ஓடும் வரைபடம் சரியான அளவீடு என்று நம்பிவிடும் பழக்கமும் அதோடு வருகிறது.

எடுத்துக்காட்டாக, வெப்ப உணரியான கே வகை வெப்பமின்னிரட்டை ஒரு டிகிரி செல்சியசுக்குத் தருவது ஏறத்தாழ 41 மைக்ரோவோல்ட். 10 வோல்ட் வீச்சுள்ள 12 பிட் ஏ.டி.சி. (ஒப்புமை-எண்ணிலக்க மாற்றி) அந்த வீச்சை 4,096 படிகளாகப் பிரிப்பதால் ஒரு படி 2.44 மில்லிவோல்ட். பெருக்கி இல்லாமல் நேரே இணைத்தால், சுமார் 60 டிகிரி ஏறினால்தான் திரையில் ஒரு படி நகரும். மாதிரி எடுக்கும் வேகமும் இப்படியே ஏமாற்றும்: விநாடிக்கு 49 முறை எடுத்தால், மின்வழங்கலின் 50 ஹெர்ட்ஸ் இரைச்சல் 1 ஹெர்ட்ஸ் அலையாக வேடமிட்டு வரும். பிறகு எந்த மென்பொருளாலும் அதை அடையாளம் காண முடியாது, வடிகட்டி ஏ.டி.சி.க்கு முன்பே இருக்க வேண்டும். இந்த இரண்டையும் மென்பொருளைத் திறக்கும் முன்பே காகிதத்தில் கணக்கிட வைப்பது நல்லது.

உரிமக் கட்டணம் கட்டாத வழிகளும் உள்ளன. டெல்லியின் பல்கலைக்கழகங்களுக்கு இடையிலான முடுக்கி மையம் உருவாக்கிய எக்ஸ்பைஸ், பைத்தானில் இயங்குகிறது. மும்பை ஐ.ஐ.டி.யின் ஒற்றைப் பலகை ஹீட்டர் அமைப்பில் ஹீட்டர், விசிறி, வெப்ப உணரி ஆகியவை உள்ளன. சைலேப் என்ற கட்டற்ற மென்பொருள் மூலம் தொலைவிலிருந்தும் அதைக் கட்டுப்படுத்தலாம்.

கட்டுப்பாட்டுப் பகுதிக்குத் தமிழகக் கல்லூரிகளில் விருப்பமான சோதனை கூம்புத் தொட்டி. கீழே குறுகி மேலே விரிவதால், ஒரே அளவு நீர் அடியில் மட்டத்தைச் சட்டென உயர்த்தும், மேலே மெதுவாகத்தான் உயர்த்தும். அடிமட்டத்துக்கு இசைத்த பி.ஐ.டி. கட்டுப்படுத்தி மேலே மந்தமாகிறது, மேல்மட்டத்துக்கு இசைத்தால் அடியில் ஊசலாடுகிறது. மட்டத்துக்கேற்ப இசைவு எண்களை மாற்றும் நிரலை மாணவர் அந்தக் கட்டத்தில் எழுதுகிறார்.